கட்டலவுனியச் சமவெளியில் யார் யாருடைய பக்கம்? – கி.பி. 451 சமர் பற்றி ஒரு மீள்பார்வை

1860 இல் இலங்கையின் பிரதம நீதியரசராக நியமிக்கப்பட்டுக் கொழும்புக்கு வந்தவர் சேர் எட்வர்ட் கிறீசி. 1875 வரை அப்பதவி அவரிடம் இருந்தது. ஆனால் உலகம் அவரை நீதியரசராக நினைவில் வைத்திருக்கவில்லை. லண்டனில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த காலத்தில், 1851 இல், அவர் வெளியிட்ட 'உலகின் பதினைந்து தீர்க்கமான சமர்கள்' என்ற நூல்தான் அவர் பெயரை இன்றுவரை காப்பாற்றி வருகிறது. மரதனில் தொடங்கி வாட்டலூவில் முடிகிற அந்தப் பட்டியலில் ஆறாவது இடம் கி.பி. 451 இல் உரோமத் தளபதி ஏட்டியஸும் ஹூணர் தலைவன் அட்டிலாவும் மோதிய சமருக்கு. ஏழாவது, 732 இல் அப்துர் ரஹ்மான் அல்-காஃபிகியின் அறபுப் படையை சார்ள்ஸ் மார்ட்டெல் எதிர்கொண்ட தூர் சமர்.

நம்மில் யார் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் புரட்டுவது ஏழாவது அத்தியாயத்தைத்தான். நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு பக்கம் நாகரிகம், மறுபக்கம் அதை அள்ளிக்கொண்டு போக வந்த வெள்ளம் என்ற அச்சு அங்கே தெளிவாகத் தெரியும். அந்த அச்சில் நம்மவர் எந்தப் பக்கம் வார்க்கப்பட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லத் தேவையில்லை. அந்தச் சந்தேகத்தோடு ஆறாவது அத்தியாயத்துக்கு வந்தால் அதே அச்சு. அறபிகளின் கதிரையில் ஹூணர் இருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். கிறீசி அச்சமரை ஏகாதிபத்திய உரோமின் கடைசி வெற்றி என்கிறார். ஐரோப்பாவின் எதிர்காலம் ஹூணர் கையில் போகாமல் ஜெர்மானியக் கிறிஸ்தவ மக்கள் கையில் வந்து சேர்ந்ததற்கு அதுவே காரணம் என்பது அவரது வாதம்.

அன்றைய களத்தில் நின்றவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், முந்தைய நாட்களில் யாரோடு நின்றார்கள் என்று தேடிப் பார்த்தால் இந்த இரண்டு பக்கக் கதை நிற்காது. இக்கட்டுரை அதைத்தான் சொல்ல முனைகிறது.

ஹூணரிடம் வளர்ந்த உரோமன்

ஏட்டியஸ் பிறந்தது தன்யூப் நதிக்கரையில் டுரோஸ்டோரம் என்ற ஊரில். இன்று பல்கேரியாவின் சிலிஸ்ட்ரா. தகப்பன் கௌடென்டியஸ் படைத்தலைவன், தாய் இத்தாலியப் பிரபு குடும்பத்துப் பெண். அக்கால வழக்கப்படி ஒப்பந்தங்களுக்குப் பிணையாகப் பிள்ளைகளைக் கொடுப்பார்கள். இவன் முதலில் கோத்தியரின் தலைவன் அலாரிக்கிடமும், பின்னர் ஹூணரிடமும் பிணையாக இருந்தான். பிற்காலத்தில் யாரை எதிர்த்துப் போரிட்டதற்காகப் புகழ் பெற்றானோ, அவர்களுடைய கூடாரங்களில்தான் அவன் இளமை கழிந்தது.

அந்த உறவு அவனுக்கு அரசியல் முதலாகவும் அமைந்தது. 425 இல் இத்தாலியில் ஆட்சியைப் பிடித்த ஜோன் என்பவனுக்கு உதவியாக அவன் ஒரு ஹூணர் படையைத் திரட்டி வந்தான். வந்து சேர மூன்று நாள் முன்பே ஜோன் கொல்லப்பட்டிருந்தான். ஆனாலும் பின்னால் அவ்வளவு பெரிய படையோடு நிற்கிற ஒருவனைத் தண்டிக்க யாருக்குத் துணிவு வரும்? சிறுவனான பேரரசன் மூன்றாம் வலன்டினியனின் தாய் கல்லா பிளாசிடியா அவனுக்குப் பதவி கொடுத்துச் சமாளித்தாள். 432 இல் போட்டித் தளபதி பொனிபாசியஸிடம் தோற்றபோதும் அவன் ஓடிப்போய் நின்றது ஹூண மன்னன் ருவாவின் வாசலில்தான். ஹூணரின் ஆதரவோடு திரும்பி வந்து மேற்குப் பேரரசின் அதிகாரம் முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவந்தான்.

அதன் பிறகு கோல் நாட்டில், அதாவது இன்றைய பிரான்சில், அவனுடைய அரசியலின் வலது கை ஹூணர் படைதான். 430களின் நடுப்பகுதியில் ஹூணர் தாக்குதலில் றைன் நதிக்கரையின் பர்கண்டிய அரசு அழிந்தது. 439 இல் அவனது தளபதி லிட்டோரியஸ், ஹூணர் படையோடு விசிகோத் மன்னன் தியோடோரிக்கைத் துலூஸ் நகரருகே தாக்கித் தோற்றுப் பிடிபட்டான்.

இந்த 439 ஐ மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வருடம் உரோமரும் ஹூணரும் ஒரு பக்கம், விசிகோத் மறுபக்கம். பன்னிரண்டே வருடங்களில் உரோமரும் விசிகோத்தும் ஒரு பக்கம், ஹூணர் மறுபக்கம். பெயர்கள் அப்படியே இருக்கின்றன, ஏட்டியஸும் தியோடோரிக்கும் அப்படியே இருக்கிறார்கள். பக்கம்தான் மாறிப்போனது.

பொன்னும் மரத்தட்டும்

ருவாவுக்குப் பின் அவனது சகோதரன் பிள்ளைகளான பிளேடாவும் அட்டிலாவும் ஆட்சிக்கு வந்தனர். கிழக்கு உரோமப் பேரரசு ஹூணருக்கு வருடம் 350 இறாத்தல் பொன் கொடுத்து வந்தது. புதிய ஆட்சியாளர் அதை 700 ஆக்கினர். 440களில் அது 2,100 இறாத்தலாக உயர்ந்தது, பழைய நிலுவை என்று 6,000 இறாத்தல் வேறு. 445 அளவில் அட்டிலா தன் சகோதரனைக் கொன்று தனி மன்னனானான்.

449 இல் கொன்ஸ்தாந்திநோபிளிலிருந்து அட்டிலாவிடம் சென்ற தூதுக்குழுவில் பிரிஸ்கஸ் என்ற கிரேக்க அறிஞர் இருந்தார். கண்ணால் கண்டதை எழுதிவைத்தார். அவர் நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை, பகுதிகளே எஞ்சியுள்ளன. ஆனால் அட்டிலாவைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் நம்பத்தகுந்தவை பெரும்பாலும் அவரிடமிருந்து வந்தவையே. விருந்தில் மற்றவர்களுக்கு வெள்ளித் தட்டும் பொற்கிண்ணமும் வைக்கப்பட, அட்டிலா மரத்தட்டில் இறைச்சி உண்டு மரக்கிண்ணத்தில் குடித்ததை அவர் பார்த்தார்.

அதைவிட என் மனதில் நிற்பது அவர் சந்தித்த ஒரு மனிதன். ஹூணர் உடை, ஹூணர் பாணியில் வெட்டிய முடி. ஆனால் வாயைத் திறந்தால் சுத்தமான கிரேக்க மொழி! விசாரித்தபோது அவன் தன்யூப் கரையிலிருந்த விமினாசியம் நகர வியாபாரி என்று தெரிந்தது. நகர் விழுந்தபோது சிறைப்பட்டு, ஹூணர் பக்கம் நின்று போரிட்டு, அதன் மூலம் விடுதலையும் பெற்றுவிட்டான். அங்கேயே கல்யாணம், பிள்ளைகள். திரும்பிப் போக விருப்பமில்லை என்கிறான். காரணம் கேட்டால் உரோம நாட்டின் வரிச்சுமையைச் சொல்கிறான், பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே சட்டம் ஒரே மாதிரி நடப்பதில்லை என்கிறான். பிரிஸ்கஸ் உரோமச் சட்டத்துக்காக வாதாடுகிறார். கடைசியில் அவன் கண் கலங்கி, சட்டம் நல்லதுதான், ஆளுகிறவர்கள்தான் அதைக் கெடுக்கிறார்கள் என்று ஒத்துக்கொள்கிறான். 'நாகரிகம் எதிர் காட்டுமிராண்டித்தனம்' என்ற பெட்டிகளில் இவனை எதற்குள் போடுவது?

இவன் தனி ஆளல்ல. மேற்கில் வரிக்கொடுமையை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த பகௌடாக்கள் என்ற கிராமத்துக் கலகக்காரரோடு சேர்ந்திருந்த எவ்டோக்சியஸ் என்ற வைத்தியர் 448 இல் ஹூணரிடம் தஞ்சம் புகுந்ததாக அக்காலக் குறிப்பொன்று சொல்கிறது.

மேற்கே திரும்பிய படை

450 இல் கிழக்குப் பேரரசன் இரண்டாம் தியோடோசியஸ் குதிரையிலிருந்து விழுந்து இறந்தான். அடுத்து வந்த மார்சியன் ஹூணருக்குப் பொன் கொடுக்க மறுத்தான். அதே காலத்தில் மேற்கில் ஒரு குடும்பப் பிரச்சினை. வலன்டினியனின் சகோதரி ஹொனோரியா, தனக்கு விருப்பமில்லாத திருமண ஏற்பாட்டிலிருந்து தப்ப, அட்டிலாவுக்கு மோதிரம் அனுப்பி உதவி கேட்டாள். அதை அவன் திருமணச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, சீதனமாக மேற்குப் பேரரசில் பாதியைக் கேட்டான். பிராங்கரின் அரசுரிமைச் சண்டையில் சகோதரர் இருவரில் மூத்தவன் அட்டிலாவிடம் போனான், இளையவனை ஏட்டியஸ் மகனாகத் தத்தெடுத்துக்கொண்டான். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பாசறைகளில்.

451 வசந்தத்தில் அட்டிலா றைன் நதியைக் கடந்தான். ஏப்ரலில் மெட்ஸ் நகர் எரிந்தது. அவன் வலன்டினியனுக்கு, நான் உனது பகைவரான கோத்தியரைத்தான் தாக்க வருகிறேன் என்று சொல்லியனுப்பினான். தியோடோரிக்குக்கு, உரோமரை விட்டு விலகு என்று இன்னொரு கடிதம் போனது. இரண்டையும் நம்ப இடமிருந்தது என்பதுதான் கதையின் சாரம். துலூஸில் தன்னைத் தாக்கியவனோடு தியோடோரிக் ஏன் சேரவேண்டும்? அவனைச் சம்மதிக்க வைக்க அவிட்டஸ் என்ற கோல் நாட்டுப் பிரமுகரை ஏட்டியஸ் தூதனுப்பினான். அவிட்டஸுக்குக் கோத்திய அரசவையோடு நீண்டகாலப் பழக்கம். எந்த உரோமப் படையையும்விட அந்த ஒரு மனிதனின் பழக்கமே அன்று பேரரசுக்கு அதிகம் பயன்பட்டது எனலாம்.

ஓர்லியன் நகரை அட்டிலா முற்றுகையிட்டான். அப்பகுதியில் ஏட்டியஸ் குடியமர்த்தியிருந்த அலன் மக்களின் மன்னன் சங்கிபன் நகரைக் கையளிக்கத் தயாராக இருந்ததாகச் சொல்லப்படுகிறது. ஜூன் நடுப்பகுதியில் கூட்டுப்படை வந்து சேர, அட்டிலா கிழக்கே பின்வாங்கினான். சில நாட்களில், இன்றைய ஷாம்பேன் பிரதேசத்தின் திறந்த வெளியில், இரு படைகளும் நேருக்கு நேர் நின்றன. கட்டலவுனியச் சமவெளி என்றும் மௌரியக் வெளி என்றும் அவ்விடம் பழைய நூல்களில் பெயர் பெறுகிறது.

களத்தில் நின்றவர்கள்

ஏட்டியஸின் அணியைப் பார்ப்போம். வலப்பக்கம் தியோடோரிக்கின் விசிகோத்துகள். இடப்பக்கம் ஏட்டியஸ். நடுவே, ஓடிவிடாதபடி இருபக்கமும் காவல் வைத்ததுபோல், சந்தேகத்துக்குரிய சங்கிபனின் அலன் படை. இவர்களோடு பிராங்கர், சாக்சன்கள், சர்மாத்தியர், பர்கண்டியர். ஆம், பதினைந்து வருடத்துக்கு முன் ஹூணரால் அழிக்கப்பட்ட அதே பர்கண்டியரின் மிச்சம்.

மறுபக்கம் அட்டிலா நடுவில் தன் ஹூணரோடு. அவனைச் சூழ அவனுக்குக் கீழ்ப்பட்ட மக்கள்: ஆர்டாரிக் மன்னனின் கெப்பிட்டுகள், வலமீர், தியோடிமீர், விடிமீர் என்ற மூன்று சகோதரரின் கீழ் ஒஸ்ட்ரோகோத்துகள். இந்த ஒஸ்ட்ரோகோத்துகள் எதிரே நின்ற விசிகோத்துகளின் இரத்த உறவினர், ஒரே மொழி பேசுபவர்.

வரலாற்று ஆசிரியர் வராத பாடவேளைகளில் தமிழ் ஆசிரியனான என்னை அனுப்புவதுண்டு. அப்படி ஒருநாள் இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கியபோது ஒரு பிள்ளை கேட்டான்: "சேர், இதுல நம்மட ஆக்கள் யாரு?" நான் பதில் சொல்லவில்லை. கரும்பலகையில் 439 என்று ஒரு நிரல், 451 என்று ஒரு நிரல் போட்டு, யார் யாரோடு நின்றார்கள் என்று அவர்களையே நிரப்பச் சொன்னேன். பாதியில் வகுப்பே சத்தம் போட்டது, "சேர், இவன் அங்கால இருந்தவன்தானே!" என்று.

சமர் பிற்பகல் மூன்று மணியளவில்தான் தொடங்கியது. தோற்றால் இரவு காப்பாற்றும் என்று அட்டிலா நினைத்திருக்கலாம். களத்தை மேலிருந்து நோக்கும் ஒரு மேட்டைப் பிடிப்பதே முதல் போட்டி. ஏட்டியஸும் தியோடோரிக்கின் மகன் தோரிஸ்மண்டும் அதை முந்திப் பிடித்தனர். கீழே நடந்த கைகலப்பில் தியோடோரிக் மன்னன் மாண்டான். குதிரையிலிருந்து விழுந்து தன் படையின் கால்களுக்கிடையே மிதிபட்டான் என்பது ஒரு கதை, அண்டாக் என்ற ஒஸ்ட்ரோகோத்தின் ஈட்டி பாய்ந்தது என்பது இன்னொன்று. கோத்தியர் பின்வாங்கவில்லை. அட்டிலா தன் வண்டிகளால் சூழப்பட்ட பாசறைக்குள் ஒதுங்கினான். சிறைப்படுவதைவிட எரிந்து சாவது மேல் என்று குதிரைச் சேணங்களைக் குவித்துச் சிதை அடுக்கினானாம்.

இருட்டில் பெருங்குழப்பம். தோரிஸ்மண்ட் தன் பாசறை என்று நினைத்து ஹூணரின் வண்டிகளுக்குள் போய்த் தலையில் காயம் பட்டுத் தப்பினான். ஏட்டியஸும் வழி தவறி அலைந்து, அந்த இரவைக் கோத்தியர் பாசறையில் கழித்தான். எதிரி யார், நண்பன் யார் என்று தளபதிகளுக்கே தெரியாமற் போன இரவு அது.

விடிந்ததும் எல்லோரும் எதிர்பார்த்தது இறுதித் தாக்குதலை. அது நடக்கவில்லை. தம்பிமார் அரசைப் பிடித்துவிடுவார்கள், உடனே துலூஸுக்குப் போ என்று ஏட்டியஸ் தோரிஸ்மண்டுக்கு ஆலோசனை சொன்னான். ஹூணர் ஒரேயடியாக ஒழிந்தால் கோத்தியரைத் தடுக்க ஆளிருக்காது என்ற கணக்கு அதன் பின்னால் இருந்ததாகச் சொல்வர். கோத்தியர் போனார்கள், அட்டிலாவும் போனான்.

சொன்னவன் யார்?

மேலே சொன்ன விபரங்களில் பெரும்பகுதி யோர்தானஸ் என்ற ஒருவரின் நூலிலிருந்து வருவது. அவர் எழுதியது 551 அளவில், கொன்ஸ்தாந்திநோபிளில். சமர் நடந்து சரியாக ஒரு நூற்றாண்டு கழித்து. அவர் கோத்தியர். கசியோடோரஸ் எழுதி இன்று கிடைக்காத கோத்தியர் வரலாற்றைச் சுருக்கித் தந்தவர். களத்தில் கோத்தியரே வீரர்களாகத் தெரிவது ஏன் என்பது இதனால் விளங்கும். இன்னொன்றும் உண்டு. யோர்தானஸ் செயலாளராக வேலை செய்தது குந்திகிஸ் என்ற படைத்தலைவனிடம். அவனது தகப்பன் பெயரும் அண்டாக். தியோடோரிக் மீது ஈட்டி எறிந்த அதே அண்டாக்தான் இவன் என்று அறிஞர்கள் கொள்கின்றனர். எழுத்தாளர் தன் எஜமானின் வீட்டுக் கதையையும் வரலாற்றுக்குள் பக்குவமாக வைத்துவிட்டார்.

இறந்தோர் 165,000 என்கிறார் யோர்தானஸ். சமகாலத்தில் வாழ்ந்த ஹைடேசியஸ் என்ற ஆயர் 300,000 என்கிறார். களத்தினூடே ஓடிய ஓடை இரத்தத்தால் பெருகியது என்றும் யோர்தானஸ் எழுதுகிறார். பரணி படித்த தமிழ் மாணவனுக்கு இரத்த ஆறு புதிதல்ல. அது போர்க்கள வருணனையின் மரபு, எண்ணிக்கை அல்ல. அந்தக் காலத்து விளைச்சலையும் பாதையையும் வைத்துப் பார்த்தால் அத்தனை இலட்சம் பேருக்கு அங்கு உணவே கிடைத்திருக்காது. சமகாலத்தவரான புரொஸ்பர் அடக்கமாக எழுதுகிறார்: இரு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை, ஆனால் எஞ்சிய ஹூணர் போரில் நம்பிக்கை இழந்து ஊர் திரும்பியதால் அவர்களே தோற்றவராகக் கொள்ளப்பட்டனர். எனக்கு இதுவே நியாயமான தீர்ப்பாகப் படுகிறது.

தீர்ந்தது எது?

அட்டிலா அழிந்தானா? அடுத்த வருடமே, 452 இல், இத்தாலிக்குள் வந்தான். அக்குலேயா நகர் விழுந்தது, மிலான் விழுந்தது. மிலானில் ஓர் ஓவியம் இருந்தது: பொற்சிம்மாசனத்தில் உரோமப் பேரரசர், காலடியில் செத்துக் கிடக்கும் அந்நியர். அட்டிலா ஓர் ஓவியனை அழைத்துத் தன்னைச் சிம்மாசனத்திலும், பேரரசர்கள் தன் காலடியில் மூட்டையிலிருந்து பொன் கொட்டுவதாகவும் வரையச் சொன்னானாம். வரலாறு என்பது யார் கையில் தூரிகை இருக்கிறது என்பதையும் பொறுத்தது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது! இத்தாலியில் ஏட்டியஸால் அவனைத் தடுக்க முடியவில்லை, ஏனெனில் இம்முறை கோத்தியர் வரவில்லை. பாப்பரசர் முதலாம் லியோவின் தூது, பஞ்சம், நோய், மார்சியன் அனுப்பிய படை எல்லாம் சேர்ந்துதான் அவனைத் திருப்பி அனுப்பின.

453 இல் அட்டிலா புதுமணப்பெண் இல்டிகோவோடு கழித்த இரவில் இரத்தம் கக்கி இறந்தான். பிள்ளைகள் கீழ்ப்பட்ட மக்களை முதுசம்போலப் பங்கு போட முனைந்தனர். கட்டலவுனியத்தில் அட்டிலாவுக்காக நின்ற அதே ஆர்டாரிக்தான் முதலில் எழுந்தான். 454 இல் நெடாவோ நதிக்கரையில் கெப்பிட்டுகளும் மற்றவர்களும் ஹூணரை முறியடித்தனர். அட்டிலாவின் மூத்த மகன் எல்லாக் அங்கே மாண்டான். ஹூணப் பேரரசு கலைந்தது அந்தக் களத்தில்தான், கலைத்தவர்கள் அதற்குள் இருந்தவர்களேதான். ஆனால் கிறீசியின் பதினைந்தில் நெடாவோ இல்லை. உரோமர் இல்லாத சமர் அல்லவா!

உரோமர் பக்கம் நடந்ததும் வேறல்ல. தோரிஸ்மண்ட் 453 இல் தன் சகோதரர்களால் கொல்லப்பட்டான். 454 செப்டெம்பரில் பேரரசன் வலன்டினியன் தன் கையாலேயே ஏட்டியஸைக் கொன்றான். இடக்கையால் வலக்கையை வெட்டிவிட்டீர் என்று அரசவையில் ஒருவர் சொன்னதாகக் கதை. ஆறு மாதத்தில் ஏட்டியஸின் பழைய வீரர் இருவர் வலன்டினியனைக் கொன்றனர். 455 ஜூனில் வண்டல்கள் உரோம் நகரைப் பதினான்கு நாள் கொள்ளையிட்டனர். தடுக்க ஒரு ஏட்டியஸ் அப்போது இல்லை.

இரண்டு பேரரசுகளும் வெளியிலிருந்து வந்த அடியால் மட்டும் விழவில்லை. தம்மோடு நின்றவர்களைத் தம்மவராக வைத்திருக்கத் தெரியாமற்போன இடத்தில் விழுந்தன. 451 இல் உரோமைக் காத்தது ஒரு கூட்டணி. அது ஒரு கோடை காலம்தான் நீடித்தது.

கிறீசி காக்கப்பட்டதாகக் கொண்டாடிய ஜெர்மானியருக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1900 ஜூலையில் ஜெர்மன் பேரரசன் இரண்டாம் வில்ஹெல்ம், சீனாவுக்கு அனுப்பிய படையிடம், அட்டிலாவின் ஹூணரைப்போல் பெயர் எடுங்கள் என்று பேசினான். 1914 இல் போர் மூண்டதும் பிரித்தானியப் பத்திரிகைகள் ஜெர்மானியரையே 'ஹூணர்' என்று எழுதின. கதிரை அப்படியே இருக்கிறது, அதில் இருத்தப்படுகிறவர்தான் மாறுகிறார். ஏழாவது அத்தியாயத்தை வாசித்த நமக்கு இது பெரிய அதிசயமாகத் தோன்றாது.

449 இல் அட்டிலாவின் தூதராகக் கொன்ஸ்தாந்திநோபிளுக்குப் போனவர்கள் இருவர். ஒருவன் ஒரெஸ்டஸ், பன்னோனியாவைச் சேர்ந்த உரோமன், அட்டிலாவின் செயலாளர். மற்றவன் எடெக்கோ, அட்டிலாவின் நம்பிக்கைக்குரிய போர்வீரன். 476 இல் பதவியிறக்கப்பட்ட மேற்கு உரோமின் கடைசிப் பேரரசன் ரோமுலஸ், ஒரெஸ்டஸின் மகன். அவனை இறக்கிவிட்டு இத்தாலியை ஆண்ட ஓடோவாக்கர், எடெக்கோவின் மகன் என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். உரோமின் கடைசிப் பேரரசனும் அவனை வீட்டுக்கு அனுப்பியவனும் அட்டிலாவின் ஒரே தூதுக்குழுவில் போன இருவரின் பிள்ளைகள்.